நெய்ததும் மின்னழுத்தம் விழும் சூரிய இழை: நகரி விசைத்தறிக் கேள்விக்கு

வெயிலில் மின்சாரம் தரும் உங்கள் சூரிய இழையைப் பாவில் (நீளவாட்டு நூல்களில்) ஓட்டாதீர்கள்; தாரில் (ஊடை நூல் சுற்றும் சிறு குழலில்) சுற்றாமல், ஊடையாக (குறுக்கு நூலாக) கையால் நீட்டிக் கோத்துவிடுங்கள்.

ஒளியை உறிஞ்சும் சாயமேற்றிய இழை, நெய்யுமுன் 0.6 வோல்ட் தந்தது, ஆந்திராவின் நகரியில் தறியிலிருந்து இறங்கியதும் ஏறக்குறைய சுழியம் காட்டுகிறது என்கிறீர்கள். பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் விழுதும், ஊடையை அடித்து நெருக்கும் அச்சும் ஓயாமல் உரசியதில் இழையின் உள்ளிருக்கும் டைட்டானியம் கம்பியின் மேலிருந்த டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு உதிர்ந்து, அதைச் சுற்றிவரும் பிளாட்டினக் கம்பி உள்கம்பியை நேரடியாகத் தொட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஓர் இழையின் இரு மின்முனைகளையும் (டைட்டானியம் கம்பி, பிளாட்டினக் கம்பி) மற்ற இழைகளிலிருந்து பிரித்து, வெயிலில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். அப்போதும் மின்னழுத்தம் எழவில்லையென்றால் பழுது இழைக்குள்ளேதான். எழுந்தால், பக்கத்து இழைகளின் கம்பி முனைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தைத் துணியின் கரையோரமாகத் தேடுங்கள்.

துணியில் பழுப்புக் கறை தெரிந்தால் இழைக்குள் மின்னூட்டத்தைக் கடத்தும் அயோடின் மின்பகுளித் திரவம் கசிந்துவிட்டது. அந்த இழையை மீட்க முயலாமல் கையுறை அணிந்து அகற்றிவிடுங்கள், அத்துணியை யாருக்கும் உடுத்தக் கொடுக்காதீர்கள்.