பயனர்கள் இவ்வளவு திட்டியும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா ஏன் தான் நினைத்ததையே செய்கிறது?

2006-லேயே ருசி கண்ட பூனை அது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் நியூஸ் ஃபீட் வந்தது. அதுவரை நண்பர் என்ன செய்கிறார் என்று தெரிய அவருடைய பக்கத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். திடீரென்று எல்லாம் முகப்பில் வந்து கொட்டியதும் மாணவர்கள் கொதித்துப்போனார்கள். எதிர்ப்புக் குழுவில் சில நாளிலேயே லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார், தனியுரிமைக்குச் சில வசதிகள் சேர்த்தார், ஃபீடை மட்டும் எடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழு அவ்வளவு வேகமாகப் பரவியதே நியூஸ் ஃபீட் புண்ணியத்தில்தான்! வாய் திட்டும், விரல் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பது அவருக்கு அன்றே புரிந்துவிட்டது.

2022 ஜூலையில் இன்ஸ்டாகிராம் பின்வாங்கியதே என்று கேட்கலாம். முழுத்திரை வீடியோ வடிவத்தை அமெரிக்கப் பிரபலங்களான கைலி ஜென்னரும் கிம் கர்தாஷியனும் எதிர்த்ததும் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி அந்தச் சோதனையை நிறுத்தினார். சரி, ரீல்ஸ் என்ற குறும் வீடியோக்கள் போனதா? முன்பின் தெரியாதவர்களின் வீடியோ இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறது.

மெட்டாவெர்ஸ் என்ற மெய்நிகர் உலகத் திட்டத்தில்தான் இந்தக் கணக்கு தப்பியது என்பது என் எண்ணம். 2021 அக்டோபரில் அதற்காக ஃபேஸ்புக் கம்பெனியின் பெயரையே மெட்டா என்று மாற்றினார்கள். இந்த முறை வந்தது கோபம் இல்லை, சிரிப்பு. 2022 ஆகஸ்டில் மெட்டாவின் மெய்நிகர் உலகமான ஹொரைசன் வேர்ல்ட்ஸ் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் போனபோது ஸக்கர்பெர்க் அங்கே தன்னைக் குறிக்கும் பொம்மை உருவமான அவதாரின் செல்ஃபியைப் போட்டார்: பின்னால் பொம்மை ஈஃபிள் கோபுரம், முன்னால் உயிரில்லாத கண்ணோடு ஒரு முகம். அந்த அவதாருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. கால் வரப்போகிறது என்று அக்டோபரில் பெருமையாகக் காட்டினார்கள்; அந்த வீடியோ மோஷன் கேப்சரில், அதாவது நிஜ ஆளின் அசைவைப் பதிவு செய்து, எடுத்தது என்று அப்புறம் தெரிந்தது. திட்டுகிறவனாவது உள்ளே உட்கார்ந்து திட்டுகிறான். இங்கே ஆள் உள்ளேயே வரவில்லை. மெட்டாவெர்ஸ் வேலையைச் செய்யும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவுக்கு 2022-இல் மட்டும் சுமார் 1,370 கோடி டாலர் நஷ்டம்.

முதலீட்டாளர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த அக்டோபரில் ஆல்டிமீட்டர் முதலீட்டு நிறுவனத்தின் பிராட் கெர்ஸ்ட்னர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: மெட்டாவெர்ஸுக்கு ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் போடாதீர்கள். ஆனால் மெட்டாவில் இரண்டு வகைப் பங்குகள் உண்டு. ஸக்கர்பெர்க்கிடம் இருக்கும் வகையில் ஒரு பங்குக்குப் பத்து ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு அவர் கையில் இருக்கும்போது மற்றவர்கள் கடிதம்தான் எழுத முடியும்.

2022 நவம்பர் 9 அன்று 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார். கோவிட் காலத்து வளர்ச்சி நிலைக்கும் என்று நம்பி அதிகம் செலவழித்தது தன் தவறு என்று எழுதினார். அதே கடிதத்தில், இனி கவனம் செலுத்தப்போகும் விஷயங்களின் வரிசையில் மெட்டாவெர்ஸும் இருந்தது.