அப்பா என்ன கேட்கிறார்?

கேள்வி: வயது 27. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனையில் 4 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனி வேலைக்காக கோத்தே பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதினேன். வாசிப்பு, கேட்டல், எழுத்து மூன்றும் தேறிவிட்டேன். பேச்சு மட்டும் இரண்டு முறை போய்விட்டது. தினமும் ராத்திரி 2 மணி நேரம் மொபைலில் ஏஐ-யுடன் ஜெர்மனில் பேசிப் பழகுகிறேன். அது சிரிக்காது, அவசரப்படுத்தாது, தப்பாகப் பேசினாலும் பாராட்டும். ஆனால் தேர்வில் எதிரே ஆள் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குழறுகிறது. ராத்திரியானால் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார் என்பதால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். அம்மா பார்த்துக்கொள்வார். மாதாமாதம் பணம் கட்டி இதைவிட நல்ல ஏஐ வாங்கினால் பலன் இருக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: வாங்காதே. பணத்தை வைத்துக்கொள், மூன்றாம் முறை தேர்வுக் கட்டணத்துக்கு ஆகும்.

மொழி வரவில்லை என்று எழுதும் பெண்களை வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டேன். உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஜெர்மன் இல்லை. ‘ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த ‘ஏதாவது’. அப்பா என்ன கேட்கிறார்? தண்ணீரா, பாத்ரூமா, ஃபேனைக் குறைக்கச் சொல்கிறாரா? உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பாய். நாலு வருஷம் வார்டில் நின்ற நர்ஸ், பெற்ற தகப்பன் பேச வாயெடுத்தால் ஹெட்போனை மாட்டுகிறாள். ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப்போனதாக ஒரு வரியாவது இருக்கிறதா என்று கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இல்லை.

நீ ஜெர்மனிக்கு எதற்குப் போகிறாய் அம்மா? அங்கே முதியவர்கள் அதிகம், பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்க வாய் இழுத்துக்கொண்ட 80 வயதுப் பெரியவர், பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு உன்னிடம் பேசுவார். அவர் தெற்கே பவேரியா மாநிலத்துக்காரராக இருந்தால் புத்தகத்தில் இருக்கும் ‘இஷ்’ (நான்) அவர் வாயில் ‘இ’ ஆகிவிடும், ‘நிஷ்ட்’ (இல்லை) என்பது ‘நெட்’ ஆகிவிடும். உன் ஏஐ ரேடியோ செய்தி வாசிப்பது போல ஒவ்வொரு எழுத்தையும் உருட்டிக் கொடுக்கிறது. நீ பாதி வாக்கியத்தில் நின்றாலும் மீதியை ஊகித்துக்கொண்டு ‘பிரமாதம்’ என்கிறது. அந்தப் பெரியவருக்கு அதெல்லாம் தெரியாது. அவரிடமும் ஹெட்போன் மாட்டிக்கொள்வாயா?

நீ தேர்வில் விழுகிற இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் நாலு நிமிஷம் நீ மட்டும் பேசுகிறாய். மனப்பாடம் செய்தவளும் ஒப்பேற்றிவிடலாம். இரண்டாம் பகுதியில் கூடத் தேர்வு எழுத வந்தவரோடு சுமார் ஐந்து நிமிஷம் வாதாட வேண்டும். அவரும் உன்னைப் போலவே உள்ளங்கை வேர்த்து உட்கார்ந்திருப்பார். குறுக்கே பேசுவார், இல்லாவிட்டால் வாயே திறக்க மாட்டார். அவர் சொன்னதைப் பிடித்து நீ எப்படிப் பதில் சொல்கிறாய் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. புரியாத பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, ‘வீ பிட்டே?’ (என்ன சொன்னீர்கள்?) என்று திருப்பிக் கேட்டு, கண்டுபிடித்துப் பதில் சொல்லும் பழக்கம் மொட்டைமாடியில் வராது. கீழே கட்டிலில் படுத்திருக்கிறாரே, அவரிடம் வரும். அவர் பேசுவது தமிழ்தான், ஆனால் காது ஒன்றுதான்.

என் மாமியார் கடைசிக் காலத்தில் எதற்கெடுத்தாலும் ‘சாவி, சாவி’ என்பார். பீரோ சாவியைக் கையில் கொடுத்தால் வீசி எறிவார். மூளை கெட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம், நானும்தான். ஒரு மாதம் கழித்து வேலைக்கு வரும் பெண்தான் கண்டுபிடித்தாள்: அவர் பார்வை போகும் திசையில் ஜன்னல் இருந்தது. திறந்துவிட்டதும் அன்றைக்கு முழுக்கச் ‘சாவி’ இல்லை. நர்சிங் படித்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. டிவியை அணை, அப்பாவின் முகத்துக்கு நேரே உட்கார், ஆமாம் இல்லை என்று தலையாட்டும்படி ஒவ்வொன்றாகக் கேள், அவர் வாக்கியத்தை நீ முடிக்காதே.

ஏஐ-யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அரை மணி நேரம் வைத்துக்கொள். ‘பாராட்டாதே, ஒவ்வொரு தப்பையும் சொல், வேகமாகப் பேசு’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. எண்களைக் கேட்டு எழுதிப் பழகு. 34-ஐ ஜெர்மன்காரர் ‘நாலும் முப்பதும்’ என்று சொல்வார். அவசரத்தில் 43 என்று எழுதினால் மருந்தளவு என்னாகும்? ‘ஹால்ப் ட்ரை’ என்றால் இரண்டரை மணி, மூன்றரை இல்லை. இதற்கெல்லாம் அது நல்ல வாத்தியார். வாதாடுவதற்கு உன்னைப் போலவே தேறாத இன்னொருத்தியைத் தேடிப் பிடித்து எதிரெதிரே உட்காருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

போகாதே என்றும் சொல்ல மாட்டேன். வைத்தியச் செலவுக்குச் சம்பாதிப்பதும் மகளின் கடமைதான். ஆனால் ‘அம்மா பார்த்துக்கொள்வார்’ என்று இப்போதே எழுதுகிறவள், விமானம் ஏறிய பிறகு மாதம் ஒரு தொகை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பகலெல்லாம் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும் உன் அம்மாவுக்கு ராத்திரி இரண்டு மணி நேரமாவது ஓய்வு வேண்டாமா?

இன்று ராத்திரி ஹெட்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவரை மாடிக்கு அனுப்பு, பாட்டுக் கேட்கட்டும். நீ கட்டில் ஓரம் உட்கார். ஒரு வாரம் கழித்து எனக்கு எழுது. மதிப்பெண் அப்புறம் இருக்கட்டும், அப்பா என்ன கேட்கிறார் என்று எழுது.