தம்பி கவுண்டரில் அடித்தான், விமானநிறுவனம் ஏற்ற மறுத்தது: நட்டஈடு கிடைக்குமா?

கேள்வி:

அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக அம்மா, நான், தம்பி மூவரும் பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வர டிக்கெட் எடுத்திருந்தோம். கார்த்திகை மழை. சென்னையிலிருந்து வந்த விமானம் மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்காமலே திரும்பிப் போய்விட்டது. நாலு மணித்தியாலம் எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சலரோகம். சாப்பாடும் தரவில்லை. கடைசியில் "நாளையிண்டைக்குத்தான்" என்றார்கள். பத்துப் பேருக்கு மேல் சத்தம் போட்டோம். தம்பி கோபத்தில் கவுண்டரில் ஓங்கி அடிக்க, கணினித் திரை விழுந்து வெடித்துவிட்டது. கவுண்டரில் வேலை செய்த பிள்ளையின் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்துப் பெயரும் கேட்டான். இரண்டு நாள் கழித்து எங்களை ஏற்றினார்கள், அவனை ஏற்றவில்லை. பத்துப் பேர் சத்தம் போட்டோம், ஏன் அவனை மட்டும்? பொலிசிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். விமானக் குற்றச் சட்டத்தில் உள்ளே போடுவார்கள் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். சத்திரசிகிச்சை நாள் தவறி, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய முற்பணமும் போய்விட்டது. சூட்கேசும் உடைந்து வந்தது. பாரிசில் இருக்கும் அண்ணா ஆளுக்கு 600 யூரோ கிடைக்கும் என்கிறார். நடந்ததைத் தம்பி போனில் எடுத்த வீடியோவை இணைத்திருக்கிறேன், முகநூலிலும் போட்டிருக்கிறோம். வழக்குப் போடலாமா?

- உடுவில் வாசகி, சென்னையிலிருந்து

பதில்:

அன்புள்ள சகோதரி, சூட்கேஸ் பற்றிய பதிலை உங்கள் கடிதம் கிடைத்த இரவே தனியாக அனுப்பிவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த வீடியோ. நாற்பத்தேழு விநாடி. நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்பதற்குச் சாட்சியாக அதை அனுப்பியிருக்கிறீர்கள். நான் அதை ஆறு தரம் பார்த்தேன். உங்கள் அம்மா சக்கர நாற்காலியில், மடியில் துணிப்பையோடு சோர்ந்துபோய் இருப்பது மூன்று விநாடி தெரிகிறது. மீதி முழுவதும் தம்பியின் குரலும் கையும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கையால் கழுத்துப் பட்டியைப் பிடித்தபடி நிற்கும் அந்தப் பிள்ளைக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். பின்னால் யாரோ "அண்ணை, விடுங்கோ, அந்தப் பிள்ளை என்ன செய்யும்" என்று சொல்வதும் தெளிவாகக் கேட்கிறது. இதை நீதிமன்றத்தில் போட்டால் நீதிபதி எந்தப் பக்கம் பார்ப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நாலு மணித்தியாலம் நிறுவனம் செய்த பிழை இதில் ஒரு விநாடிகூட இல்லை.

அம்மாவைப் பசியோடு வைத்துக்கொண்டு ஒரு சொல் சொல்லாமல் விட்டது பிழைதான். உங்கள் கோபம் நியாயமானது. அந்த நியாயத்தை எடுத்து நிறுவனத்தின் கையில் கொடுத்தது தம்பியின் கை என்பதே என் வருத்தம்.

"பத்துப் பேர் சத்தம் போட்டோம், ஏன் அவனை மட்டும்?" என்று கேட்கிறீர்கள். சத்தம் போடுவது குற்றம் இல்லை. பதில் சொல் என்று உரத்துக் கேட்கலாம், மேலதிகாரியைக் கூப்பிடு என்று நிற்கலாம், எழுதித் தா என்று திரும்பத் திரும்பக் கேட்கலாம். கை பட்ட இடத்தில் கணக்கு மாறுகிறது. திரை உடைந்தது சொத்துச் சேதம். அட்டையைப் பிடித்து இழுத்தது, அது அவரது கழுத்தில் கிடந்தபடியால், ஆள்மேல் பலம் பிரயோகித்ததாகவே பார்க்கப்படும். கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன் என்பது இதற்கு மறுமொழி ஆகாது. அவரவர் செய்ததற்கு அவரவர்தான் பொறுப்பு.

சரி, பயமுறுத்தும் அந்தச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையர் ஒருவர் இத்தாலிய விமானமொன்றைக் கடத்தியதை அடுத்து, 1982-இல் கொண்டுவரப்பட்டது அது. விமானத்தைக் கடத்துவது, பறக்கும் விமானத்துக்கு ஆபத்து உண்டாக்குவது போன்றவற்றுக்கானது. கவுண்டரில் கணினித் திரை உடைந்ததற்கு அது பொருந்தாது. தம்பியின் விடயம் சாதாரண தண்டனைச் சட்டக்கோவைக்குள் வரும், வழக்காகப் போனால் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். இதையே அவன் விமானத்துக்குள் ஏறிய பிறகு செய்திருந்தால் நிலைமை வேறு. 1963-ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கைப்படி, ஒருவரைக் கட்டி வைக்கவும், இறக்கிவிடவும், இறங்கிய நாட்டுப் பொலிசிடம் ஒப்படைக்கவும் விமானிக்கு அதிகாரம் உண்டு. விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சென்னையில் இந்தியப் பொலிசின் கையில் நிற்பதைவிட மல்லாகத்தில் நிற்பது எவ்வளவோ மேல்.

தம்பி இப்போது செய்ய வேண்டியது இதுதான். பொலிஸ் கூப்பிட்டால் ஒளியாமல், ஒரு சட்டத்தரணியோடு போகட்டும். வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லிக் கேட்கட்டும். வடக்கில் நிர்வாக மொழி தமிழ். சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்கக் கூடாது. அத்தோடு, திரையின் விலையைக் கட்ட முன்வருவதாகச் சட்டத்தரணி மூலம் நிறுவனத்துக்கு ஒரு கடிதம், அந்தப் பிள்ளையிடம் நேரடியாக ஒரு மன்னிப்பு. கடிதத்தில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற வசனம் இருக்கட்டும் (காசு கட்ட முன்வருவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்று அர்த்தம்), அதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். மன்னிப்பை மட்டும் சட்டத்தரணி கேட்க முடியாது, அவனேதான் கேட்க வேண்டும். இப்படியான சிறு குற்றங்களைப் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமாதானமாகத் தீர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. இருபத்தைந்து வயதுப் பொடியனுக்கு, நாளைக்கு வெளிநாட்டு விசா கேட்கப் போகிறவனுக்கு, குற்றவாளி என்ற பதிவு இல்லாமல் இதை முடிப்பதுதான் முதல் வேலை. 600 யூரோ அதற்குப் பிறகு.

அடுத்தது அவனை ஏற்றாதது. அன்று அவனை ஏற்ற மறுக்க நிறுவனத்துக்கு உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். டிக்கெட் எடுக்கும்போது நாம் வாசிக்காமலே ஒப்புக்கொள்ளும் பயண நிபந்தனைகளில் அந்த உரிமை எழுதியிருக்கும். ஆனால் மூவரும் பொதிகளோடு பலாலி வரை வந்த பிறகு வாயால் மட்டும் "இவர் போக முடியாது" என்றதும், காரணத்தை எழுதித் தராததும், டிக்கெட் காசைப் பற்றி மூச்சு விடாததும் சரியல்ல. இது இந்திய நிறுவனம். குழப்பம் செய்யும் பயணிகள் பற்றி இந்தியா 2017-இல் கொண்டுவந்த விதிகளில் மூன்று தரம் உண்டு. வாயால் செய்வது முதல் தரம், மூன்று மாதம்வரை தடை. கை வைப்பது இரண்டாம் தரம், ஆறு மாதம்வரை. உயிராபத்து உண்டாக்குவது மூன்றாம் தரம், இரண்டு வருடமும் அதற்கு மேலும். இதை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவொன்று 30 நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஆகவே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: தம்பியின் பெயரை எந்தத் தரத்தில் போட்டிருக்கிறீர்கள், குழு கூடியதா, முடிவு என்ன, பயன்படுத்தாத டிக்கெட்டின் வரிகளும் கட்டணமும் எங்கே? இதற்கு எழுத்தில் பதில் வராமல் அவன் அந்த நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இனி நட்டஈடு. பெரியண்ணா சொல்லும் 600 யூரோ பொய்யில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அது. ஐரோப்பிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும், வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும் அது பொருந்தும். அவர் பாரிசிலிருந்து வரும்போது அவருக்கு உதவும். பலாலியிலிருந்து சென்னைக்கு உதவாது. அங்கேயும், காலநிலை போன்ற அசாதாரண காரணத்தால் நின்றால் அந்தக் காசு இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது 1999-ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை. இந்தியாவில் 2009-இலிருந்தும், இலங்கையில் 2019-இலிருந்தும் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் போய்வர டிக்கெட் எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. அப்படியான டிக்கெட்டில் சேருமிடம் புறப்பட்ட இடம்தான், அதாவது பலாலி. ஆகவே இலங்கை நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு வருடத்துக்குள் தொடர வேண்டும். தாமதத்துக்கு உச்ச வரம்பு ஒரு பயணிக்கு 6,303 சிறப்பு எடுப்பனவு உரிமை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), 2024 டிசம்பர் 28-இலிருந்து. ஓரலகு ஒன்றே கால் அமெரிக்க டொலருக்கும் ஒன்றரை டொலருக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்ச வரம்பு என்றால் அவ்வளவும் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் ரசீதோடு நிரூபிக்கும் நட்டம் மட்டும். மன உளைச்சலுக்கு மட்டும் என்று கேட்டால் பொதுவாக எடுபடுவதில்லை.

தடைகள் இரண்டு. ஒன்று, செய்யக்கூடிய நியாயமான எல்லாவற்றையும் செய்தோம் என்று நிறுவனம் காட்டினால் பொறுப்பு நீங்கும். மழையில் இறங்க முடியாமல் விமானம் திரும்பியதை எந்த நீதிபதியும் பிழை என்று சொல்லமாட்டார். நானும் சொல்லமாட்டேன். அந்த விமானத்தில் வந்துகொண்டிருந்தவர்களும் எங்கள் ஆட்கள்தானே. ஆனால் மழை விமானத்தை மட்டும்தான் தடுத்தது, வாயைத் தடுக்கவில்லை. திரும்பிப் போனதை உடனே சொல்லியிருக்கலாம், சலரோகக்காரருக்குச் சாப்பாடு கொடுத்திருக்கலாம், அடுத்த நாள் கட்டுநாயக்காவிலிருந்து இடம் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். உங்கள் முறைப்பாடு இந்த நாலு மணித்தியாலத்திலும் இரண்டு நாளிலும் நிற்கட்டும், மழையில் நிற்க வேண்டாம்.

இரண்டாவது உங்கள் பக்கம். இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. பயணியின் கவனக்குறைவும் நட்டத்துக்குக் காரணமானால் அந்த அளவுக்கு நட்டஈடு குறையும் என்று உடன்படிக்கையின் 20-ஆம் உறுப்புரை சொல்கிறது. நட்டத்தைக் குறைக்கத் தன்னாலானதைச் செய்ய வேண்டும் என்று எங்கள் பொதுச் சட்டமும் சொல்கிறது. சத்திரசிகிச்சை அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு. கார்த்திகையில், இடையில் ஒரு நாள்கூட விடாமல் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். அதைவிட, விமானம் இல்லை என்று தெரிந்த அன்று மாலை நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்கவில்லை. சென்னைக்குப் போய் இறங்கிய பிறகுதான் எடுத்தீர்கள். முன்கூட்டிச் சொன்னால் நாள் மாற்றித் தருவோம் என்று அவர்களின் ரசீதிலேயே இருக்கிறது, நீங்கள் அனுப்பிய படத்தில் அடியில் சின்ன எழுத்தில் பாருங்கள். அந்த மாலை முழுவதும் வீட்டில் தம்பியின் பிரச்சினையே பேச்சாக இருந்திருக்கும், விளங்குகிறது. ஆனாலும் முற்பணத்தை நிறுவனத்தின் தலையில் கட்டுவது கடினம். கூடுதலாகத் தங்கிய விடுதிச் செலவைக் கேளுங்கள், அதில் பலம் இருக்கிறது.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு. பதில் இல்லையென்றால் எங்கள் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபைக்கு, பிரதியோடு. அதிலும் சரிவராவிட்டால் வழக்குப் பற்றி யோசிப்போம். இந்த அளவு தொகைக்கு நேரே நீதிமன்றம் போவதைவிட மத்தியஸ்தத்தில் முடிப்பதே மலிவு. வீடியோவை முகநூலில் இருந்து எடுத்துவிடுங்கள், அந்தப் பிள்ளையின் முகம் அதில் இருக்கிறது. மூலக் கோப்பை மட்டும் தம்பியின் போனில் அழிக்காமல் வைத்திருங்கள். 1995-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சான்றுச் சட்டப்படி இப்படியான பதிவுகளைச் சாட்சியமாக வைக்கலாம், ஆனால் விசாரணைக்கு 45 நாள் முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அடுத்த தரம் யாராவது இப்படி மாட்டினால் படம் எடுக்க வேண்டியது கோபத்தை இல்லை. அறிவித்தல் பலகையில் ஒன்றும் இல்லாததையும், பக்கத்தில் மணிக்கூட்டையும் சேர்த்து எடுங்கள். பலாலி பாதுகாப்புப் பிரதேசத்துக்குள் இருப்பதால், எங்கே எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. படம் எடுக்க விடாவிட்டால் ஒரு கடதாசியில் நேரத்தையும் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதி, பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம் பெயரும் தொலைபேசி இலக்கமும் வாங்குங்கள்.

கடைசியாக சூட்கேஸ். சேதமான பொதிக்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்காவிட்டால் வழக்கே இல்லை. உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்தபோது ஆறாம் நாள். அதனால்தான் அவசரமாக எழுதினேன், நீங்கள் மறுநாள் காலையே மின்னஞ்சல் அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள், நல்லது. சில்லும் கைப்பிடியும் உடைந்ததற்கு நிறுவனம் பொறுப்பு, வரம்பு மேலே சொன்ன அலகில் 1,519. உள்ளே அம்மாவின் சேலைகளில் ஊற்றிய நல்லெண்ணெய் வேறு கதை. கண்ணாடிப் போத்தலைச் சேலைக்குள் சுற்றி வைத்தது நீங்கள், அதை அவர்களிடம் கேட்க வேண்டாம். சில்லு உடைந்ததற்குக் கேட்க, புதிய சூட்கேசின் விலை, பழைய பற்றுச்சீட்டு, உடைந்த இடத்தின் படம், பொதியில் ஒட்டிய துண்டு இவை நாலும் போதும். துண்டை எறிந்துவிடவில்லைத்தானே?