குளுசைக்கு அடங்காத வலிப்பு: சோற்றை நிறுத்தித் தேங்காய் எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. மூன்று வகை வலிப்பு மருந்து கொடுத்தும் நின்றபாட்டில் விழுகிறான். சோறு, பாணை நிறுத்தித் தேங்காய் எண்ணெய் கொடுத்தால் நிற்கும் என்று வெளிநாட்டிலிருக்கும் உறவினர் சொல்கிறார். வீட்டிலேயே தொடங்கலாமா? – ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஆனால் உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மாப்பொருளை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவு 1921 முதலே வலிப்புக்கான சிகிச்சை. 2008இல் லண்டனில் வெளியிட்ட ஆய்வில், இந்த உணவுக்கு மாறிய பிள்ளைகளில் 38 சதவீதமானோருக்கு மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்குமேல் குறைந்தது. மாறாதவர்களில் அது 6 சதவீதம்தான்.

கடுமையான முறையில், புரதமும் மாப்பொருளும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம். ஒவ்வொரு வேளையும் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். புட்டு, இடியப்பம் போய்விடும்; முட்டை, மீன், கட்டித் தேங்காய்ப்பால் இருக்கும். அம்மம்மா பாவம் பார்த்து ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்தாலும் வலிப்பு திரும்பக்கூடும். பாணி மருந்தில் உள்ள சீனியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். குளுசையாக மாற்ற முடியுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். நாளுக்கு 10 முதல் 20 கிராம் வரை மாப்பொருளை அனுமதிக்கும் திருத்திய அட்கின்ஸ் முறையில் நிறுக்கும் வேலை குறைவு. எங்கள் வீடுகளுக்கு அதுவே தோதானது என்பது என் எண்ணம்.

சில பிள்ளைகளின் உடலுக்குக் கொழுப்பை எரிக்கும் ஆற்றல் பிறவியிலேயே இராது. அவர்களுக்கு இந்த உணவு உயிராபத்து. அதனால்தான் முதலில் இரத்தப் பரிசோதனை செய்கிறோம். தொடங்கிய பிறகும் சிறுநீரகக் கல், மலச்சிக்கல், வளர்ச்சி எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும்.

உங்கள் மகன் விடயத்தில் உணவுக்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்றுண்டு: சத்திரசிகிச்சைக்கு இடமிருக்கிறதா? பொருத்தமான இரண்டு மருந்துகள் சரியான அளவில் கொடுத்தும் பலிக்காவிட்டால், அடுத்த மருந்தால் வலிப்பு முற்றாக நிற்கும் வாய்ப்பு குறைவு. மருந்தை மாற்றி மாற்றிக் காலம் கடத்துவது பிள்ளையின் வளரும் மூளைக்கு நல்லதல்ல. மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ., மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. (வீடியோவுடன் கூடியது) இரண்டும் வலிப்பு மூளையின் ஒரே இடத்தில் தொடங்குவதைக் காட்டினால், அந்த இடத்தை அகற்றி வலிப்பை அடியோடு நிறுத்தவும் கூடும். அப்படியில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டினால் விழுவது குறையும். கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியும் உண்டு. விலை அதிகம், பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

மகன் விழும்போது போனில் வீடியோ எடுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுதி, அடுத்த கிளினிக்குக்கு யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சிறுவர் நரம்பியல் நிபுணரிடம் அனுப்பும்படி கூச்சப்படாமல் கேளுங்கள். கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னால் தயங்காமல் போங்கள். அதுவரை ஒரு நேரக் குளுசையையும் விடாதீர்கள்: திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரக்கூடும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.