போவதற்கு எத்தனை வேர்? ஈரே பற்றிய கேள்வி பதில்

கே: பிரெஞ்சில் போகிறேன் ‘ஜ வே’, போகிறோம் ‘நு ஸாலோன்’, போவேன் ‘ஜிரே’. ஒரே வினையா இது?

ப: வினை ஒன்று, வேர் மூன்று. ‘ஜிரே’யில் இருப்பது லத்தீன் ஈரே, ‘போ’ என்று பொருள். அதன் நிகழ்கால வடிவங்கள் எயோ, ஈஸ், இத் என மிகச் சிறியவை. ஒலி தேயத் தேய மிஞ்ச ஒன்றுமில்லை. அங்கே வாடெரே என்ற கனமான வினை புகுந்தது. ‘வே’ அதன் வாரிசு. சற்று நீளமான ஈமுஸ் (போகிறோம்), ஈத்திஸ் (போகிறீர்கள்) தாக்குப்பிடித்தன. போர்த்துகீசிய இலக்கணத்தில் ‘இதெஸ்’ (போகிறீர்கள்) இன்னும் இருக்கிறது.

கே: ‘நு ஸாலோன்’ என்பதில் உள்ள அலோன்?

ப: ‘நட’ என்ற பொருளுள்ள லத்தீன் அம்புலாரேயிலிருந்து வந்தது என்பார்கள். ஒலிமாற்றம் சரியாகப் பொருந்தவில்லை, சண்டை ஓயவில்லை. ‘உறுதி’ என்று எழுதுபவரை நம்பாதீர்கள்.

கே: ஸ்பானியத்தில் ‘ஃபுய்’ என்றால் போனேனா, இருந்தேனா?

ப: இரண்டும். லத்தீன் ‘இரு’ வினையான எஸ்ஸெயின் இறந்தகாலத்தைப் போவதற்கும் எடுத்துக்கொண்டார்கள். இறந்தகாலத்தில் ‘இபா’ (போய்க்கொண்டிருந்தேன்) மட்டும் ஈரேயின் சொந்தச் சொத்து.

கே: இத்தாலியத்தில் ‘போ’ என்பதற்கான அந்தாரே?

ப: ‘வாதோ’ (போகிறேன்) வாடெரேயிலிருந்து. அந்தாரே என்ற மற்றது அலோன் மாதிரியே தகராறு. உறுதி என்பவரை இங்கும் நம்ப வேண்டாம்.

கே: ஃபுய் எங்கிருந்து வந்தது?

ப: மேலே பாருங்கள்.

கே: ஸ்பெயினின் கட்டலோனியாவில் பேசும் கட்டலானில் ‘வாச் கந்தா’ என்றால் பாடினேன். பிரெஞ்சில் ‘ஜ வே ஷாந்தே’ பாடப் போகிறேன். அதே இரண்டு வினை, காலம் மட்டும் நேரெதிர்?

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன். மத்தியகாலக் கட்டலான் கதைசொல்லிகள், சம்பவம் சூடுபிடிக்கும் இடத்தில் ‘போய் வெட்டுகிறான்’ என்கிற பாணியில் நிகழ்காலத்தில் சொன்னார்கள். நடந்து முடிந்ததைச் சொல்லும்போதே அது திரும்பத் திரும்ப வந்ததால், ‘போ’ வெறும் இறந்தகாலக் குறியாகிவிட்டது.

கே: ஒப்ப முடியவில்லை. போவது என்றால் இனிமேல் நடப்பதுதானே. நம் ‘பாடப் போகிறேன்’ போல.

ப: பிரெஞ்சுக்கும் நமக்கும் அப்படி. எல்லோருக்கும் அப்படியே இருக்க வேண்டுமா என்ன?

கே: அப்போ கட்டலான்காரர் குழம்ப மாட்டாரா?

ப: மாட்டார். போகிறோம் ‘அனெம்’, பாடினோம் ‘வாம் கந்தா’. துணைவினைக்குத் தனி வடிவமே வந்துவிட்டது. ‘வாச் ஆ கந்தா’ என்று நடுவில் ‘ஆ’ வந்தால் பாடுவதற்குப் போகிறேன். வலென்சியாப் பேச்சில் சில இடங்களில் பழைய ஒற்றைச்சொல் இறந்தகாலமும் உயிரோடு இருக்கிறது.

கே: ‘வாச் கந்தா’ ஸ்பானியத் தாக்கமோ?

ப: இல்லை. ஸ்பானிய ‘வோய் ஆ கந்தார்’ எதிர்காலம்.

கே: ருமேனியனில் ‘போ’?

ப: ‘மெர்ஜெ’. லத்தீனில் மெர்கெரே, மூழ்கடிப்பது. ஈரேக்கு அங்கே வேலையில்லை.

கே: சார், ஃபுய்...

ப: மூன்றாவது பதில். அதுவும் மேலே.