எஸ்பிஎம் முடித்த மகள் யானை முகாமுக்குப் போகக் கேட்கிறாள்: அனுப்பலாமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதும் அம்மா, உங்கள் மகள் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதிவிட்டாள், தாய்லாந்தின் சியாங் மாய் பக்கம் யானை முகாமில் ஒரு மாதம் தொண்டூழியம் செய்யப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், சேமிப்பில் கை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாதம் வேண்டாம். ஒரு வாரம் போதும். அதுவும் பதினெட்டு முடிந்த பிறகு. பெற்றோர் உடன் வராத பதினேழு வயதுப் பிள்ளையைப் பல முகாம்கள் சேர்ப்பதில்லை. முன்பணம் கட்டிய பிறகு இதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் நிறைய. விண்ணப்பப் படிவத்தில் வயது வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"தொண்டு செய்யப் போகிறவள் ஏன் காசு கட்ட வேண்டும்?" என்பது நியாயமான கேள்வி. வளர்ந்த ஆசிய யானை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தாய்லாந்து 1989இல் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தபோது, மரம் இழுத்த யானைகளுக்கும் அவற்றின் பாகன்களுக்கும் பிழைப்பு போயிற்று. அதன்பின் யானைக்குச் சோறு போடுவது சுற்றுலாப் பணம்தான். நீங்கள் கட்டும் தொகையில் மகளின் அறை, சாப்பாடு போக மிச்சம் தீனிக்கும் பாகன் சம்பளத்துக்கும் போகிறது. தப்பில்லை. ஆனால் அது விலை கொடுத்து வாங்கும் அனுபவம். அதை வேலைப் பயிற்சி என்று எண்ணிக் காசு கட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அங்கே வேலை என்ன? காலை ஏழு, ஏழரைக்கு மண்வெட்டியும் தள்ளுவண்டியும். தின்றதில் பாதியைக்கூட யானையின் குடல் செரிக்காது, மீதி நாராகவே வெளியே வரும். ராத்திரி கொட்டடியில் விழுந்த சாணத்தை அள்ள ஒரு குழுவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு லாரியில் வரும் பூசணி, தர்பூசணி, வாழைப்பழத்தை இறக்கிக் கழுவி நறுக்க வேண்டும். கிழட்டு யானைகளுக்குத் தனிச் சமையல். யானைக்குக் கடைவாய்ப்பல் வாழ்நாளில் ஆறு முறைதான் முளைக்கும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் புல்லை மெல்ல முடியாது. அதனால் பழுத்த வாழைப்பழத்தையும் வேகவைத்த சோற்றையும் பூசணியையும் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரிதான், உருண்டை மட்டும் தேங்காய் அளவு. மத்தியானம் வயலில் சோளத்தட்டை வெட்டிக் கட்டுக் கட்டாக ஏற்ற வேண்டும். சோள இலை பிளேடு மாதிரி கிழிக்கும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போனவர்கள் மூன்றாம் நாள் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார்கள். யானையோடு நேருக்கு நேர் இருக்கும் நேரம் நாளில் சொற்பம். நல்ல முகாமென்றால் இன்னும் குறைவு.

அதுதான் முகாமை எடைபோடும் முதல் அளவுகோல். முதுகில் சவாரி, ஓவியம் வரையும் யானை, பந்தாட்டம் என்று படம் போட்டிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகவே வேண்டாம். இந்த வித்தைகளுக்குப் பணியவைக்கக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டிப்போட்டு அடித்துப் பழக்கும் முறைக்கு அங்கே 'பஜான்' என்று பெயர். "நாங்கள் சவாரி வைப்பதில்லை, குளிப்பாட்டல் மட்டும்தான்" என்று சொல்கிற இடங்களும் சந்தேகத்துக்கு உரியவையே. ஒரு நாளைக்கு நாலைந்து குழுக்களுக்காக ஒரே யானையை ஆற்றில் இறக்கினால் அதுவும் வேஷம் கட்டிய சர்க்கஸ்தான். ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரியில் தென் தாய்லாந்தில் குளிப்பாட்டிக்கொண்டிருந்த 22 வயது ஸ்பெயின் மாணவி யானை தாக்கி இறந்தார். குட்டிகள் நிறைய, தாய்கள் குறைவு என்றால் அதையும் கேளுங்கள்: குட்டி எங்கிருந்து வந்தது?

மகளையே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். யானைகள் எத்தனை, எங்கிருந்து வந்தவை, இனப்பெருக்கம் செய்கிறீர்களா, ராத்திரி சங்கிலியா வேலியா, மருத்துவர் உள்ளேயே இருக்கிறாரா, போகாமல் விட்டால் பணம் எவ்வளவு திரும்பும்? நேர்மையான இடம் பத்தி பத்தியாகப் பதில் எழுதும். "சீக்கிரம் கட்டுங்கள், இடம் முடிந்துவிடும்" என்று மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து, யானையைவிடப் பெரியது. "டிக்கெட் நாங்கள் எடுக்கிறோம், மாதச் சம்பளமும் உண்டு, படிப்பு தேவையில்லை" என்று டெலிகிராமில் வந்தால் அது யானை முகாம் இல்லை. தாய்லாந்தின் மே சோட் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மியன்மாரின் மியாவாடிப் பகுதி மோசடி மையங்களில் மாட்டி, மீட்டுக்கொண்டு வரப்பட்ட மலேசியர்களின் செய்தியை நீங்களே பார்த்திருப்பீர்கள். உண்மையான முகாம் உங்களிடம் காசு கேட்கும், காசு தராது. பணத்தை முகாமின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள், தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்கு வேண்டாம். அப்படியும் ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். வங்கி வழி போன பணத்தைத் தடுக்க முதல் சில மணி நேரம்தான் உதவும்.

காகிதங்கள். கடப்பிதழுக்கு 200 ரிங்கிட், ஐந்து ஆண்டு செல்லும். பயண நாளில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டையை 2025 மே மாதத்திலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறார்கள். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் போலி. மாதக்கணக்கில் தங்கி உழைப்பதானால் சுற்றுலா அனுமதி போதாமல் போகலாம். சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதி கேட்கிற நாடு அது. யார் எடுத்துத் தருவது என்று முகாம் எழுத்தில் சொல்ல வேண்டும். நான் ஒரு வாரத்தோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவு குறைய வேண்டுமென்றால் சுங்கை சிப்புட்டிலேயே இடிஎஸ் ரயில் ஏறிப் பாடாங் பெசார் போய், அங்கிருந்து பேங்காக் இரவு ரயில், பிறகு சியாங் மாய்க்கு இன்னொரு இரவு ரயில். தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம் என்று இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். துணையில்லாமல் முதல் பயணம் என்றால் கோலாலம்பூரிலிருந்து நேர் விமானமே நிம்மதி.

உடம்பு விஷயத்தில் அசட்டை வேண்டாம். முகாம்களில் நாய்களும் பூனைகளும் திரியும், வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசி இரண்டு, நடுவில் ஏழு நாள் இடைவெளி. டெட்டனஸ் பழசாகியிருந்தால் புதுப்பிக்க வேண்டும். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கும் தொற்றும், நீண்ட நாள் இருமல் உள்ளவர் பரிசோதித்துவிட்டுத்தான் போக வேண்டும். இளைப்பு (ஆஸ்துமா) இருந்தால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கமே வேண்டாம். வயலும் காடும் எரியும் புகையில் சியாங் மாய் மூச்சு முட்டும். மழைக்கால முடிவிலும் கவனம் தேவை, 2024 அக்டோபர் வெள்ளத்தில் அங்கே முகாம் யானைகளே இறந்தன. காப்புறுதி எடுக்கும்போது விலங்குகளோடு வேலை செய்வதை விலக்கியிருக்கிறார்களா என்று விதிகளைப் புரட்டுங்கள். பெரும்பாலான மலிவுத் திட்டங்கள் விலக்கியிருக்கும்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது: இதனால் படிப்புக்கு என்ன லாபம்? அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு மதிப்பீட்டில் 90 விழுக்காடு தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்தும் பள்ளிப் பதிவிலிருந்து வருவது. வெளிநாட்டுச் சான்றிதழ் அதில் ஒரு புள்ளியும் சேர்க்காது. உதவக்கூடிய இடம் நேர்முகத் தேர்வு ஒன்றுதான். அங்கேயும் யானையைக் கட்டிப்பிடித்த செல்பி செல்லாது. நோட்டுப் புத்தகம் செல்லும். போவதானால் தினமும் ஒரு பக்கம் எழுதட்டும்: எந்த யானை, என்ன வயது, என்ன தீனி எத்தனை கிலோ, எத்தனை முறை சாணம், கால் புண் எப்படி இருந்தது, மருத்துவர் என்ன மருந்து வைத்தார்.

விலங்கு மருத்துவம் என்றால் யுபிஎம், யுஎம்கே பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் ஐந்து ஆண்டுப் பட்டம், உயிரியலும் வேதியியலும் கெட்டியாக இருக்க வேண்டும். சபாவில் யுஎம்எஸ் பல்கலைக்கழகத்தின் உயிரினப் பாதுகாப்புப் படிப்பு, யுபிஎம்மின் வனவியல் ஆகியவையும் நல்ல கதவுகள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் வேலைக்கு அரசுப் பணி ஆணையத்தின் எஸ்பிஏ9 படிவம் வழி, அதற்கு மலாய்மொழியில் கிரெடிட் இருக்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்பு வேலையில் வருமானம் மெல்லத்தான் ஏறும், உங்களிடம் மறைப்பதற்கில்லை.

பெற்றோர் கணக்கில் வராத இன்னொரு கதவு தோட்டமே. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் செம்பனை வளர்ப்பதற்கான எம்எஸ்பிஓ சான்று 2020 முதல் தோட்டங்களுக்குக் கட்டாயம். வெளிநாட்டுக்கு விற்கும் பெரிய நிறுவனங்கள் அதே மாதிரியான அனைத்துலக ஆர்எஸ்பிஓ சான்றும் வைத்திருக்கின்றன. அதனால் காட்டோரத் தோட்டத்தில் யானை நுழைந்தால் விரட்டி அடித்தோம், விஷம் வைத்தோம் என்று இருக்க முடியாது. வரைபடம் போட, மின்வேலி எங்கே என்று முடிவு செய்ய, பெர்ஹிலித்தானோடு பேச ஆள் வேண்டும். மண்டோர் (தோட்டக் கண்காணி) வீட்டில் வளர்ந்து, வரைபடம் போடும் ஜிஐஎஸ் மென்பொருள் தெரிந்து, தொழிலாளியோடு அவர் மொழியில் பேசத் தெரிந்த பட்டதாரிக்கு அங்கே கேள்வி உண்டு. சியாங் மாயில் இருப்பவை வளர்ப்பு யானைகள். நமக்குத் தலைவலி கொடுப்பவை சுங்கை சிப்புட்டை அடுத்த லாசா பக்கம் இளஞ்செம்பனையின் குருத்தைப் பிடுங்கித் தின்னும் காட்டு யானைகள். இரண்டும் வேறு வேறு பாடம்.

ஆகவே முதலில் உள்நாடு. பகாங் லஞ்சாங் அருகே கோலா கண்டா யானைப் பாதுகாப்பு மையம் 1989இலிருந்து இயங்குகிறது. தோட்டத்தில் பிடிக்கும் காட்டு யானையை, பழகிய யானைகளை இருபுறமும் அணைத்து லாரி ஏற்றும் குழு அங்கேதான் இருக்கிறது. பேருந்து வாசல் வரை போகாது, கார் வேண்டும். இயற்கை நிலையில் பார்க்க கெரிக் வழியாக ராயல் பெலும் காடு. பூலாவ் பண்டிங் படகுத்துறையில் ஏறுமுன் அனுமதிச் சீட்டு எடுத்திருக்க வேண்டும். கெரிக்–ஜெலி சாலையில் 2025 மே மாதம் குட்டியை லாரி மோத, தாய் யானை அந்த லாரியை விட்டு நகராமல் நின்ற படம் மகளின் கைப்பேசியிலும் இருக்கும். அந்தச் சாலையை ராத்திரியில் தவிர்த்துவிடுங்கள். யானை பார்க்கச் சபாவின் கினபத்தாங்கான் போக மைகாட் (அடையாள அட்டை) போதும், சபா குடிநுழைவில் தரும் சீட்டைத் தொலைக்கக் கூடாது. இலங்கையின் மின்னேரியாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும். அது பிறகு, சம்பாதிக்கத் தொடங்கியபின் பார்க்கட்டும்.

இப்போதைக்குக் காசில்லாமல் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். தோட்டக் குடியிருப்பு லயத்துக்குப் பின்னால் யானை வந்துபோன மறுநாள், பகலில், தோட்டக் காவலாளியோடு மட்டும் போய் முன்கால் தடத்தைக் கண்டுபிடிக்கட்டும். முன்கால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும், பின்கால் நீள்வட்டம். நூலைத் தடத்தின் விளிம்போடு சுற்றி, பிறகு அந்த நூலை டேப்பில் அளக்க வேண்டும். அதை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் கிடைக்கும்: நூல் 115 செ.மீ. என்றால் யானை சுமார் 2.3 மீட்டர். ஒரு தடத்தை நம்பாமல் மூன்று நான்கை அளந்து சராசரி எடுக்கட்டும். சேற்றில் தடம் விரிந்து யானையைப் பெரிதாகக் காட்டும், மண் எப்படி இருந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.