ஒன்பதாம் நாள் பூ

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் வேலை செய்யும் என் மகள், மார்ச் மாதத்தில் தன் வீட்டு வாசலில் பூக்கும் டாஃபடில் பூக்களைப் படமெடுத்து அனுப்புவாள். சென்ற ஆண்டு வந்தபோது சில கிழங்குகளையும் கொண்டு வந்தாள். பீடோங்கில் எங்கள் வீட்டுத் தொட்டியில் நட்டேன். இலைகள் செழிப்பாக வந்தன. பூ ஒன்றுகூட வரவில்லை. உரத்தில் குறையா, மண்ணில் குறையா? நம் நாட்டுக்கு வசந்தமே கிடையாது என்கிறார் என் கணவர். அது சரிதானா?

— வாசகி, பீடோங், கெடா, மலேசியா

அன்புள்ள அம்மா,

உரத்திலும் குறையில்லை, மண்ணிலும் குறையில்லை. டாஃபடிலின் மொட்டு முந்தைய கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. ஆனால் அதைத் தாங்கும் தண்டு நீண்டு வெளியே வரவேண்டுமானால், கிழங்கு 12 முதல் 16 வாரங்கள் வரை ஏறக்குறைய 9 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் கிடந்தாக வேண்டும். பின்னிரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வமான கெடாவில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? மீண்டும் முயல்வதானால், புதிய கிழங்குகளைக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். (அனுமதிச் சான்று இல்லாமல் கிழங்கு கொண்டுவருவதைச் சட்டம் தடுக்கிறது என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள்.)

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. லண்டனில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. நம் வட்டாரத்தில் ஏறக்குறைய 40 நிமிடங்கள்தாம். ஆகவே இங்குள்ள பல செடிகள், வறட்சியையும் அதை முறிக்கும் மழையையும் வைத்தே பருவம் அறிகின்றன. இலக்கணம் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. நமக்கோ அவை மழை மாதங்கள்.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு மாசி என்றால் பால் குறையும் மாதம், சம்பளமும் குறையும் மாதம். மரங்கள் இலையுதிர்த்து நிற்க, ஆண்டு முழுவதும் நிழலில் கிடந்த எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் சில வாரங்களுக்கு வெயில் விழும். பிறகு செம்பு நிறத் தளிரும், அதனூடே மஞ்சளாய்ப் பொடிப்பூக்களும் வரும். இன்று அங்கே எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது. செம்பனை அப்படி இலையுதிர்ப்பதில்லை. சாலையோரத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் மரத்தை இப்போது ‘மலேசிய சகுரா’ என்கிறார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரத்துக்கு எதற்கு ஜப்பானியப் பெயர் என்று எனக்கு எப்போதும் ஓர் எரிச்சல்.

உங்கள் தொட்டிக்கு மேலே, மாமரக் கிளையைப் பாருங்கள். மலாய்க்காரர்கள் ‘அங்கெரிக் மெர்பாத்தி’ என்று அழைக்கும் புறா ஆர்க்கிட் அங்கே தானாகவே ஒட்டி வளர்ந்திருக்கக்கூடும்; இல்லையென்றால் தேங்காய் மட்டையில் வைத்துக் கட்டிவிடுங்கள். அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்து அப்படியே உறங்கிவிடும். வெயிலில் காய்ந்த ஒரு பிற்பகலில் பெருமழை கொட்டி, வெப்பம் திடுமென ஐந்தாறு பாகை இறங்கினால் அவை விழித்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள், அந்த மழை நனைத்த ஊரிலுள்ள புறா ஆர்க்கிட்டுகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். விடியும்போது கிளை நெடுக வெள்ளை இதழ்கள், உதடுபோன்ற இதழின் நடுவே ஒரு மஞ்சள் தீற்றல், சன்னல்வரை வரும் வாசம். பொழுது சாய்வதற்குள் ஈரக் காகிதம்போல் துவண்டு தொங்கிவிடும்.

ஒருநாள் பூ என்பதால் தவறவிட்ட ஆண்டுகளே எனக்கு அதிகம். அதனால் இப்போதெல்லாம் முதல் பெருமழை பெய்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, ஒன்பதாம் நாளில் ஒரு புள்ளி வைக்கிறேன். இவ்வாண்டு அந்தப் புள்ளிக்கு முந்திய காலையில், உங்கள் ஊரிலேயே இருக்கும் என் தங்கை தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, எங்க வீட்டுல பூத்திருச்சு, உங்க வீட்டுல?” என்று கேட்டாள். வெளியே போய்ப் பார்த்தேன். என் ஊரான சுங்கைப்பட்டாணியில் மொட்டாகவே இருந்தது. பீடோங்கில் மழை ஒருநாள் முன்னதாகப் பெய்திருந்தது.

அன்புடன்.